திண்ணையா, பொதுக் கிணறா? ஓசூர் பட்டறைகளின் சர்வர் கணக்கு

ஓசூருக்கும் பெங்களூருக்கும் நடுவே சுமார் 40 கிலோ மீட்டர். வழியிலே அத்திப்பள்ளி வருகிறது. அதற்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு. அந்தப் பக்கம் கர்நாடகம்.

இந்த எல்லை ஓரத்தில்தான் அசோக் லேலண்டு லாரி உருவாகிறது. டி.வி.எஸ். மோட்டார் சைக்கிள் உருவாகிறது. டைட்டன் கைக்கடிகாரம் உருவாகிறது. போச்சம்பள்ளிப் பக்கம் மின்சார ஸ்கூட்டர் செய்கிறார்கள்.

இவை எல்லாருக்கும் தெரிந்த பெயர்கள். பெயர் தெரியாத சிறு பட்டறைகள் எத்தனையோ உண்டு. பெரிய தொழிற்சாலைக்கு வேண்டிய சிறு சாமான்களை அவைதான் செய்து கொடுக்கின்றன. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறை உண்டு. ஐம்பது பேர் வேலை செய்யும் பட்டறையும் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பல வீடுகளில் அடுப்பு எரிவது இந்தப் பட்டறைகளால்தான்.

இந்தப் பட்டறைகளுக்கு இப்பொழுது ஒரு புதுத் தலைவலி வந்திருக்கிறது. அது இரும்பு விலை அல்ல. மின்சாரக் கட்டணமும் அல்ல.

சர்வர்!

சர்வர் என்றதும், ஓட்டலில் இட்லி கொண்டு வருகிறவரை நினைக்க வேண்டாம். ஆனால் வேலை ஏறக்குறைய அதேதான். பல மேஜைகளில் இருந்து கேட்கிறார்கள். அவர் கேட்டதைக் கொண்டு வந்து கொடுக்கிறார். அதுபோல, பல கம்ப்யூட்டர்கள் கேட்பதை எடுத்துக் கொடுக்கும் பெரிய கம்ப்யூட்டருக்குச் சர்வர் என்று பெயர்.

லேத்து ஓடினால் போதாதா?

"பட்டறைக்கு லேத்து போதாதா? சர்வர் எதற்கு?" என்று கேட்கலாம்.

ஒரு காலத்தில் போதும். இப்பொழுது போதாது.

2018-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல், ஒரு மாநிலத்தில் இருந்து இன்னொரு மாநிலத்துக்கு 50 ஆயிரம் ரூபாய்க்கு மேல் சரக்கு போனால், 'இ-வே பில்' என்ற மின்னணு வழிச்சீட்டு வேண்டும்.

மதுரைக்காரர் சரக்கைத் திருநெல்வேலிக்கு அனுப்பினால், அது ஒரே மாநிலம். ஓசூர்க்காரர் பக்கத்தில் உள்ள பொம்மசந்திராவுக்கு அனுப்பினாலே, அது வேறு மாநிலம்! மெருகு போடுவதற்கோ, துளை போடுவதற்கோ எல்லை தாண்டி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பினால், மதிப்பு ஆயிரம் ரூபாயாக இருந்தாலும் வழிச்சீட்டு வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

2023-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி முதல் இன்னொன்று வந்தது. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் செய்கிறவர்கள், மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லை அரசாங்க இணையதளத்தில் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். அந்த எண் இல்லாத பில், பில்லே அல்ல.

ஆகவே கணக்குக் கம்ப்யூட்டர் படுத்துக் கொண்டால், பில் போடுவது தடைப்படுகிறது. பில் இல்லாமல் லாரி கிளம்ப முடியாது. லாரி கிளம்பாவிட்டால், எதிர்ப்பக்கம் பெரிய தொழிற்சாலையில் சாமான் இல்லாமல் வேலை நிற்கும். அப்புறம் ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும்.

இது சம்பளத்தைத் தொடும் சங்கதி. இதனால்தான் சர்வரைப் பற்றிக் குடும்பத்தாரும் தெரிந்து கொள்ள வேண்டி இருக்கிறது.

ஒண்டுக் குடித்தனம்

ஒரு நடுத்தரப் பட்டறையை எடுத்துக் கொள்வோம். அங்கே கணக்கு எழுத ஒரு கம்ப்யூட்டர். படம் வரைந்து சேர்த்து வைக்க ஒன்று. வருகைப் பதிவுக்கு ஒன்று. ஸ்டோர் இருப்பு பார்க்க ஒன்று. ஆக நாலு.

நாலும் நாள் முழுவதும் மூச்சு முட்ட வேலை செய்கின்றனவா? இல்லை. பெரும்பாலான நேரம் சும்மா இருக்கின்றன. ஆனால் நாலுக்கும் மின்சாரம் வேண்டும். நாலும் பழுது ஆகும்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நல்ல கம்ப்யூட்டர் ஒன்றை வாங்குவது. அதை உள்ளுக்குள்ளேயே நாலாகத் தடுப்பது.

பெரிய வீட்டில் ஒண்டுக் குடித்தனம் இருப்பார்களே, அது மாதிரி. வீடு ஒன்று. குடித்தனம் நாலு. ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு. ஒரு குடித்தனத்தில் விளக்கு அணைந்தாலும் மற்ற மூன்று வீட்டில் சமையல் நடக்கும்.

இந்தத் தடுப்பை எழுப்பி, குடித்தனங்களைக் கவனித்துக் கொள்ள ஒரு சாப்ட்வேர் உண்டு. அதற்கு 'ஹைப்பர்வைசர்' என்று பெயர். வீட்டுக்காரர் என்று வைத்துக் கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் 'வர்ச்சுவல் மெஷின்' என்று பெயர். நாம் குடித்தனம் என்றே சொல்லுவோம்.

இது புது யோசனை அல்ல. 1960-களிலேயே அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனி பெரிய கம்ப்யூட்டர்களில் இதைச் செய்து காட்டியது. சாதாரண கம்ப்யூட்டரில் இதைக் கொண்டு வந்து புகழ் பெற்றது, 1998-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய 'விஎம்வேர்' என்ற கம்பெனி.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு குடித்தனம் முழுவதையும் ஒரு கோப்பு போலச் சுருட்டி, வேறு கம்ப்யூட்டருக்கு எடுத்துக் கொண்டு போகலாம். பழைய கம்ப்யூட்டர் புகைந்தாலும், சுருட்டி வைத்ததைப் புதியதில் விரித்தால் வேலை தொடரும்.

வாடகை ஏறிய கதை

2022-ம் ஆண்டு மே மாதம், பிராட்காம் என்ற அமெரிக்கக் கம்பெனி விஎம்வேரை வாங்கப் போவதாக அறிவித்தது. பேசிய விலை சுமார் 6,100 கோடி டாலர். 2023 நவம்பர் 22-ந் தேதி வியாபாரம் முடிந்தது.

அடுத்த மாதமே அறிவிப்பு வந்தது. ஒரு தடவை பணம் கட்டி, காலம் முழுவதும் வைத்துக் கொள்ளும் லைசென்சு இனி விற்கப்படாது. சந்தாதான். அதுவும் 'கோர்' கணக்கு.

கோர் என்றால் என்ன? கம்ப்யூட்டரின் மூளைக்குள்ளே இருக்கும் சிறு மூளை. ஒரு பெரிய மூளைக்கு 8 கோர்தான் இருந்தாலும், 16 கோர் என்று கணக்குப் போட்டுத்தான் சந்தா கட்ட வேண்டும். பாதி வீட்டில் குடி இருந்தாலும் முழு வீட்டு வாடகை என்பது போல!

ஏ.டி. அண்டு டி. என்ற பெரிய அமெரிக்க டெலிபோன் கம்பெனியே 2024-ல் பிராட்காம் மீது கோர்ட்டுக்குப் போனது. பிறகு அந்த ஆண்டே இரு தரப்பும் சமரசம் செய்து கொண்டார்கள். யானைக்கே இந்தக் கதி என்றால், ஓசூர்ப் பட்டறை எம்மாத்திரம்?

விஎம்வேரில் 'ஈஎஸ்எக்ஸ்ஐ' என்ற இலவசச் சாப்ட்வேரும் இருந்தது. சிறிய இடங்களில் அதைப் போட்டுக் கொண்டு ஆண்டுக்கணக்காகக் காலம் தள்ளினார்கள். 2024 பிப்ரவரியில் அந்த இலவசம் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் மறுபடியும் கொடுத்தார்கள். ஆனால் பழுது வந்தால் கேட்பதற்குக் கம்பெனி ஆள் கிடையாது. பல சர்வர்களை ஓர் இடத்தில் இருந்து பார்த்துக் கொள்ளும் வசதியும் கிடையாது.

2025 அக்டோபர் 2-ந் தேதி இன்னொரு தவணை வந்தது. பலர் வைத்திருக்கும் 7-ம் பதிப்புக்குக் கம்பெனியின் பொது ஆதரவு அன்றோடு முடிந்தது. ஆகவே "இருப்பதை வைத்து ஓட்டுவோம்" என்று இருந்தவர்களும் முடிவு எடுத்தாக வேண்டும்.

இரண்டு வகை இலவசம்

இங்கேதான் நாம் கவனமாகப் பார்க்க வேண்டும். இலவசம் என்று சொல்வதெல்லாம் ஒரே ஜாதி அல்ல. இரண்டு வகை உண்டு.

ஒன்று, திண்ணை. வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்குகிறான். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. காசும் கேட்கவில்லை. ஆனால் திண்ணை அவருடையது. நாளைக்கே கம்பிக் கதவு போட்டு அடைத்தால், கேட்க நமக்கு உரிமை இல்லை.

இன்னொன்று, எல்லா ஜனங்களும் இறைத்துக் கொள்ளும் பொதுக் கிணறு. அதற்குத் தனிச் சொந்தக்காரர் இல்லை. யாரும் வந்து "எடுக்காதே" என்று சொல்ல முடியாது. ஆனால் தண்ணீர் தானாக மேலே ஏறி வராது. கயிறும் வாளியும் நம்முடையதாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு தடவை தூர் வார ஆளும் வேண்டும்.

சாப்ட்வேரிலும் அப்படித்தான். சில கம்பெனிகள், உள்ளே எப்படிச் செய்தோம் என்பதைக் காட்டாமல், "சும்மா எடுத்துக் கொள்" என்று கொடுப்பார்கள். அது திண்ணை. வேறு சிலர், செய்முறை முழுவதையும் எழுதி வெளியிட்டு, "யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம்" என்று பத்திரம் எழுதிக் கொடுப்பார்கள். அது பொதுக் கிணறு. வெளியிட்டவரே மனம் மாறினாலும், முன்பு கொடுத்ததைத் திரும்பப் பிடுங்க முடியாது.

நடந்த சங்கதி

இது வெறும் உபமானம் அல்ல. நடந்திருக்கிறது.

'சிட்ரிக்ஸ்' என்ற கம்பெனி 'சென்சர்வர்' என்ற சாப்ட்வேரை இலவசமாகவும் கொடுத்து வந்தது. 2017 டிசம்பரில் வந்த பதிப்பில், இலவசமாக இருந்த பல வசதிகளைக் காசு வகைக்கு மாற்றிவிட்டது. பயன்படுத்தி வந்தவர்கள் திகைத்தார்கள்.

ஆனால் அதன் செய்முறை பொதுவில் இருந்தது. பிரான்சு நாட்டில் சிலர் அதை எடுத்தார்கள். பொதுமக்களிடம் பணம் திரட்டினார்கள். எடுத்த வசதிகளைத் திரும்பச் சேர்த்து, 2018-ல் 'எக்ஸ்சிபி-என்ஜி' என்ற பெயரில் வெளியிட்டார்கள். இன்றைக்கும் அது நடக்கிறது.

'சென்ட்ஓஎஸ்' கதையும் இதுவே. உலகம் முழுவதும் சர்வர்களில் ஓடிய இலவசச் சாப்ட்வேர் அது. அதன் 8-ம் பதிப்புக்கு 2029 வரை ஆயுள் என்று சொல்லி இருந்தார்கள். 2020 டிசம்பரில், "2021 முடிவோடு சரி" என்று அறிவித்தார்கள். செய்முறை பொதுவில் இருந்ததால், 2021-லேயே அல்மாலினக்ஸ், ராக்கிலினக்ஸ் என்று இரண்டு மாற்றுகள் வந்துவிட்டன.

விஎம்வேரின் இலவசம் நின்றபோது இப்படி யாரும் செய்ய முடியவில்லை. ஏன்? அது திண்ணை!

கிணறுகள் எவை?

குறைந்த செலவில் செய்ய நினைக்கும் பட்டறைக்கு முன்னால் இப்பொழுது நாலு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, 'பிராக்ஸ்மாக்ஸ்'. ஆஸ்திரியா நாட்டில் வியன்னா நகரத்துக் கம்பெனி செய்வது. 2008 முதல் இருக்கிறது. இது பொதுக் கிணறு வகை. காசு கொடுத்தவருக்கு ஒரு வசதி, கொடுக்காதவருக்கு ஒரு வசதி என்ற பேதம் இல்லை. எல்லா வசதியும் எல்லாருக்கும் உண்டு. சந்தா கட்டினால், கூடுதலாகச் சோதித்த திருத்தங்கள் கிடைக்கும். உயர்ந்த சந்தாவுக்குக் கம்பெனியின் உதவியும் கிடைக்கும். விஎம்வேரில் இருக்கும் குடித்தனங்களை அப்படியே இழுத்துக் கொள்ளும் வசதி 2024-ல் சேர்க்கப்பட்டது.

இதிலே புதியவர்கள் இரண்டு இடத்தில் மிரளுகிறார்கள். உள்ளே நுழையும்போதெல்லாம், "சந்தா இல்லை" என்று ஒரு சீட்டு வரும். அது ஞாபகமூட்டல்தான். வேலை நிற்காது. இரண்டாவது, திருத்தங்கள் வரும் வழி முதலில் சந்தாக்காரர்களின் கிடங்குக்குத் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். அதை இலவசக் கிடங்குக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் திருத்தம் வராது. பலர் இதைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது வழி, மேலே சொன்ன பிரான்சு நாட்டு எக்ஸ்சிபி-என்ஜி. இதுவும் பொதுக் கிணறுதான். சென்சர்வரில் பழகியவர்களுக்குக் கை வந்தது. நம் பக்கத்தில் தெரிந்த ஆள் இருந்தால் தாராளமாக எடுக்கலாம்.

மூன்றாவது வழி, வெறும் லினக்ஸ். அதற்குள்ளே 'கேவிஎம்' என்ற வீட்டுக்காரர் 2007 முதல் உள்ளேயே இருக்கிறார். பிராக்ஸ்மாக்சுக்கும் அடியில் இருப்பது இவர்தான். கூகுள் கம்பெனி தன் கம்ப்யூட்டர்களை வாடகைக்கு விடுவதும் இந்தக் கேவிஎம்மை வைத்துத்தான். பெரிய ஓட்டல்காரரும் நம்மோடு இதே கிணற்றில்தான் தண்ணீர் இறைக்கிறார்! ஆனால் எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டும். நன்றாகத் தெரிந்த ஆள் இருந்தால்தான் இது சரிப்படும்.

நாலாவது வழி, மைக்ரோசாப்டின் 'ஹைப்பர்-வி'. இதைத் தனியாக இலவசமாகக் கொடுத்தார்கள். 2019 பதிப்புதான் கடைசி. அதற்குத் திருத்தம் 2029 ஜனவரியோடு முடியும். புதிதாக அதில் குடியேறுவது சரியல்ல. ஆனால் ஒன்று. பட்டறையில் ஏற்கெனவே காசு கொடுத்து விண்டோஸ் சர்வர் வாங்கி இருந்தால், ஹைப்பர்-வி அதனுடனே வருகிறது. சாதாரண வகை லைசென்சில் இரண்டு விண்டோஸ் குடித்தனம் வைக்க உரிமையும் உண்டு. கையில் இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்க வேண்டாம். அதையே நன்றாகப் பயன்படுத்தலாம்.

எதை எடுப்பது? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு, விண்டோஸ் சர்வர் லைசென்சு கையில் இல்லாவிட்டால், பிராக்ஸ்மாக்ஸ் பொருத்தம். கற்றுக் கொள்வது எளிது. தெரிந்தவர்களும் அதிகம். வெளியேற நினைத்தால் வாசலும் திறந்திருக்கிறது.

கயிறு, வாளிச் செலவு

சாப்ட்வேர் இலவசம் என்றால் எல்லாம் இலவசம் என்று அர்த்தம் இல்லை. பட்டறை முதலாளி வேறு செலவுக்குப் பணம் எடுத்து வைக்க வேண்டும். அவை வருமாறு:-

முதலாவது, மெமரி. நாலு குடித்தனம் வைக்க வேண்டுமானால் வீடு பெரிதாக வேண்டும் அல்லவா? அந்த இடம்தான் மெமரி. 2025 கடைசியில் உலகம் முழுவதும் மெமரி விலை கடுமையாக ஏறியது. செயற்கை அறிவுக் கம்ப்யூட்டர்களுக்காகப் பெரிய கம்பெனிகள் வாரிக் கொண்டு போனதே காரணம். ஆகவே பழைய சர்வரை வாங்குகிறவர்கள், மெமரி எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, டிஸ்க். ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு, இரண்டிலும் ஒரே சமயத்தில் எழுதும்படி வைக்க வேண்டும். ஒன்று செத்தாலும் மற்றொன்று காப்பாற்றும்.

மூன்றாவது, யு.பி.எஸ். முன்பு கரண்டு போனால் ஒரு கம்ப்யூட்டர் விழும். இப்பொழுது நாலும் ஒன்றாக விழும். முட்டைகளை எல்லாம் ஒரே கூடையில் வைத்திருக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. கூடையைப் பத்திரமாகப் பிடிக்க வேண்டும்.

நாலாவது, உள்ளே குடி இருக்கும் விண்டோஸ். வீட்டுக்காரர் வாடகை வாங்காவிட்டாலும், உள்ளே ஓடும் விண்டோசுக்கு லைசென்சு வேண்டும். இது பலர் மறந்து போகும் செலவு.

உள்ளே வைக்கக் கூடாதவை

எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிடக் கூடாது.

சி.என்.சி. இயந்திரத்துக்கு, பழைய சீரியல் கம்பி வழியாகப் புரோகிராம் அனுப்பும் கம்ப்யூட்டர் சில பட்டறைகளில் இருக்கிறது. அதை வெளியிலேயே விடுவது நல்லது. கம்பியைக் குடித்தனத்துக்குள் இழுப்பது முடியாத காரியம் அல்ல. ஆனால் இயந்திரம் பாதி வெட்டில் நின்றால், நஷ்டம் சாப்ட்வேருக்கு அல்ல, இரும்புக்கு.

படம் வரையும் சில சாப்ட்வேர்களுக்கு யு.எஸ்.பி. சாவி ஒன்று சொருகி இருக்க வேண்டும். அது குடித்தனத்துக்குள் வேலை செய்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். 'டாலி' கணக்குச் சாப்ட்வேரின் லைசென்சும் அந்தந்தக் கம்ப்யூட்டரோடு பிணைந்தது. இடம் மாற்றுவதற்கு முன்னால், பழைய கம்ப்யூட்டரில் லைசென்சை ஒப்படைத்துவிட்டு, புதியதில் வாங்க வேண்டும். விற்ற ஏஜெண்டிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்தால் நல்லது.

தேதியும் பார்க்க வேண்டும். மாதா மாதம் ஜி.எஸ்.டி. கணக்கு கொடுக்கிறவர்களுக்கு 11-ந் தேதியும், 20-ந் தேதியும் கெடு நாட்கள். பி.எப்., இ.எஸ்.ஐ. கட்ட 15-ந் தேதி. மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு. ஆகவே 20-ந் தேதி கழிந்து வரும் ஞாயிற்றுக்கிழமைதான் குடி மாற நல்ல நாள். அவசரம் இல்லாத குடித்தனத்தை முதலில் மாற்ற வேண்டும். கணக்கைக் கடைசியில் மாற்ற வேண்டும். பழைய கம்ப்யூட்டரை ஒரு மாதம் வரை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

இரண்டு சர்வர் வாங்கி, ஒன்று விழுந்தால் மற்றொன்று தானாக ஏற்கும்படி செய்யலாமே என்று சிலர் ஆசைப்படுவார்கள். அதற்கு மூன்றாவதாக ஓர் ஓட்டு வேண்டும். இரண்டே மெம்பர் உள்ள பஞ்சாயத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தால் தீர்ப்பு வராது அல்லவா? அதே கதைதான். சிறு பட்டறைக்கு அந்த ஆடம்பரம் தேவை இல்லை. நல்ல சர்வர் ஒன்று, காப்பு நகலுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர், இவை போதும்.

நகலும் பூட்டும்

காப்பு நகல் என்பது வீட்டுப் பத்திரத்துக்கு ஜெராக்ஸ் எடுத்து வைப்பது போல. மூன்று பிரதி இருக்க வேண்டும். இரண்டு வேறு வேறு டிஸ்கில் இருக்க வேண்டும். ஒன்று பட்டறைக்கு வெளியே இருக்க வேண்டும். பட்டறையில் தீப்பிடித்தால், பக்கத்து மேஜையில் இருக்கும் நகலும் சேர்ந்து எரிந்து போகும்!

மாதம் ஒரு நாள், நகலில் இருந்து ஒரு குடித்தனத்தை விரித்துப் பார்க்க வேண்டும். விரித்துப் பார்க்காத நகல் இருந்தும் இல்லாதது போலத்தான். பிராக்ஸ்மாக்ஸ்காரர்களே நகல் எடுக்கத் தனிச் சாப்ட்வேரும் இலவசமாகக் கொடுக்கிறார்கள்.

2023 பிப்ரவரியில் ஒரு கொள்ளை நடந்தது. விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ ஓடிய ஆயிரக்கணக்கான சர்வர்களை, உலகின் பல நாடுகளில், திருடர்கள் ஒரே வாரத்தில் பூட்டிவிட்டுப் பணம் கேட்டார்கள். அவர்கள் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2021 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. போடாமல் விட்டவர்கள்தான் மாட்டிக் கொண்டார்கள்.

காசு கொடுத்ததானாலும் சரி, இலவசமானாலும் சரி, திருத்தம் போடாவிட்டால் ஒரே கதிதான். வீட்டுக்காரரின் நிர்வாகப் பக்கத்தை இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்கவே கூடாது.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. கம்ப்யூட்டர் தாக்குதல் நடந்தால், தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28-ந் தேதி உத்தரவு பிறந்தது. சர்வரில் நடந்தவற்றின் பதிவை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு.

ஆள் எங்கே?

இதெல்லாம் சரி. தூர் வாருகிற ஆள் எங்கே?

இதுதான் எல்லை ஓரத்தின் பெரிய கஷ்டம். லினக்ஸ் தெரிந்த ஓசூர்ப் பிள்ளைகள் இல்லாமல் இல்லை. பர்கூரில் அரசினர் என்ஜினீயரிங் கல்லூரி இருக்கிறது. ஓசூரில் அதியமான் கல்லூரி இருக்கிறது. கிருஷ்ணகிரியில் அரசினர் பாலிடெக்னிக் இருக்கிறது. ஆனால் படித்து முடித்த பிள்ளைக்கு, பஸ் தூரத்திலேயே எலெக்ட்ரானிக் சிட்டி இருக்கிறது. பெங்களூர்க் கம்பெனி கொடுக்கும் சம்பளத்தை முப்பது பேர் வேலை செய்யும் பட்டறை கொடுக்க முடியுமா?

முடியாது. தனியாக முடியாது.

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். அங்கே அரசினர் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்கள் இலவச லினக்சில் ஓடுகின்றன. அது எப்படி நிலைத்தது? சாப்ட்வேர் இலவசம் என்பதால் மட்டும் அல்ல. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். தங்கள் பாடத்துக்குத் தக்கபடி அதைத் தாங்களே திருத்திக் கொள்ள ஆட்களை வைத்தார்கள். லைசென்சுக்குப் போக வேண்டிய பணத்தில் ஒரு பங்கு மனிதர்களுக்குப் போனது.

ஓசூரும் அதைச் செய்யலாம். ஒரு பட்டறையால் முடியாததைப் பத்துப் பட்டறைகள் சேர்ந்தால் முடியும். பத்துப் பேரும் ஒரே சாப்ட்வேரை எடுத்துக் கொள்ள வேண்டும். பத்துப் பேரும் சேர்ந்து இரண்டு பேரை வேலைக்கு வைக்க வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர் வருவார். ஒரு பட்டறை மற்றொன்றின் நகலைப் பூட்டிய பெட்டி போலத் தன்னிடம் வைத்துக் கொடுக்கலாம். உள்ளே இருப்பதை வைத்திருப்பவர் படிக்க முடியாதபடி ரகசிய எழுத்தில் வைக்கும் வசதி உண்டு.

ஓசூரில் 'ஹோஸ்டியா' என்ற சிறு, குறுந்தொழில் சங்கம் இருக்கிறது. இப்படிப்பட்ட காரியத்தை முன்நின்று செய்ய அது தக்க இடம். கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கும் பிள்ளைகளுக்கும் இது நல்ல பயிற்சி. எல்லை தாண்டாமல் ஊரிலேயே பிழைக்க ஒரு வழியும் ஆகும்.

பட்டறை முதலாளிகள் முதலில் ஒரு காரியம் செய்யலாம். நாளைக் காலையில், கம்ப்யூட்டரைப் பார்த்துக் கொள்கிறவரைக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்.

"இந்தச் சர்வர் இன்று ராத்திரி நின்று போனால், எத்தனை மணி நேரத்தில் திரும்ப ஓடும்?"

"இந்தச் சாப்ட்வேர்க் கம்பெனி நாளை விலையை ஏற்றினால், நம் கணக்கை எடுத்துக் கொண்டு வெளியே போக முடியுமா?"

"நீ ஊரில் இல்லாதபோது, இதை யார் பார்ப்பார்?"

மூன்றுக்கும் பதில் வந்தால், எந்தச் சாப்ட்வேராக இருந்தாலும் கவலை இல்லை. மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால், லைசென்சில் மிச்சம் ஆகும் பணத்தில் கொஞ்சத்தை அங்கே போடுங்கள். கிணறு இருக்கிற ஊரிலும், தூர் வார ஆள் இல்லாவிட்டால் கோடையில் குடம் காலியாகத்தான் திரும்பும்.